முப்பத்தெட்டுப் பெண்கள்

ஜனவரி 6, திங்கள்

பல்கலைக்கழகக் கடிதம் இன்று கைக்கு வந்தது. ஏப்ரல் முப்பதோடு என் ஆய்வுப் பதிவு காலாவதி. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது, மூன்றாவது நீட்டிப்பு கிடையாதாம். இங்கே கல்லூரியிலும் முதல்வர் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீதை ஜூனுக்குள் காட்டாத ஆசிரியர்கள் அடுத்த கல்வியாண்டுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வருடமாக வணிகவியல் நடத்துகிறவளுக்கு இது. ஆக, நூற்றுப் பதினாலு நாள்.

தலைப்பை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்: ‘சுயநிதிக் கல்லூரிகளில் பணிபுரிந்துகொண்டே முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளும் பெண் ஆசிரியர்களின் பணி – வாழ்வுச் சமநிலை.’ பதிவு செய்த புதிதில் ஒரே மூச்சில் சொல்வேன். இப்போது நடுவில் ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

வீட்டில் இவரிடம் கடிதத்தைக் காட்டினேன். “படி ரேணு. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?” என்றார். சொல்லவில்லைதான். ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் துறை ஷகிலாவின் வீட்டுக்காரர் அவள் மடிக்கணினியைத் தூக்கி எறிந்தாராம். அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இவருடைய இரண்டு தங்கைகளும் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். மொத்தம் பதினோரு பேர், நான்கு நாள். ஆய்வு: பூஜ்யம்.

ஜனவரி 22, புதன்

பத்துக் கல்லூரி, கல்லூரிக்கு நாற்பது படிவம். நானூறு பேரிடம் கேட்பேன் என்று ஆய்வுக்குழுக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்த வாக்கு அது. ஒவ்வொரு படிவத்திலும் நாற்பத்திரண்டு கேள்வி. ‘முழுவதும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் உடன்படவில்லை’ வரை ஐந்து கட்டம், ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். கடைசியில் ‘பிற கருத்துகள்’ என்று ஒரு காலிப் பெட்டி.

ஆசிரியைகளிடம் நேரில் கொடுத்தால் திரும்பி வராது. துறைத்தலைவர் மூலம் கொடுத்தால்தான் வரும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இன்று அரை நாள் விடுப்புப் போட்டு ஒரு கல்லூரிக்குப் போனேன். துறைத்தலைவர் அம்மா ரொம்ப நல்லவர். ஸ்டாஃப் ரூமில் எல்லோரையும் உட்காரவைத்து, “பாசிட்டிவா போடுங்கம்மா, நம்ம காலேஜ் பேரு வருது” என்று சொல்லி, மேசை மேசையாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். இருபது நிமிடத்தில் நாற்பதும் கையில். நன்றி சொல்லி, வாங்கிப்போன இனிப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 30, வியாழன்

நாள் தள்ளி இரண்டு வாரம் ஆகிறது. டென்ஷனாக இருக்கும்.

அத்தை இன்று கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். “இளமதிக்குத் தொணையா ஒண்ணு வேண்டாமா அம்மிணி? உன்ற பரிச்சை எப்பத்தான் முடியும்?” முனைவர் பட்டம் அவருக்கு ஒரு பரீட்சை. ஏழு வருடமாக எழுதியும் பாஸாகாத மருமகள்.

“ஏப்ரல்ல முடிஞ்சுருங்க அத்தை” என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மூன்றாம் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். இவருடைய மில்லிலிருந்து மேனேஜர் குடும்பத்தைச் சாப்பிட அழைத்துவிட்டாராம். எனக்குச் சொல்ல மறந்துவிட்டார், பாவம், அவருக்கும் ஆயிரம் வேலை. வெள்ளைப் பணியாரம், கோழிக் குழம்பு. அந்த அம்மாள் “நீங்க டாக்டருக்குப் படிக்கறீங்களாமே” என்றார். இவர் சிரித்துக்கொண்டே, “படிக்கறா படிக்கறா, எம்பொண்ணு முடிச்சதுக்கப்புறம் இவ முடிப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், நல்ல நகைச்சுவைதானே.

பிப்ரவரி 19, புதன்

விடுப்பு. வயிற்று வலி. பைபாஸில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நானே ஸ்கூட்டியில் போய்விட்டேன். திரும்பும்போது ஆட்டோ. டாக்டரம்மா ஒரு வாரம் படுக்கச் சொன்னார். இவரிடம் கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கவில்லை என்றேன். “வெளிய சாப்பிடாதன்னு எத்தன தடவ சொல்றது” என்று கோபித்துக்கொண்டார். அக்கறைதான்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்டர்னல் தேர்வு. மூன்று மணி நேரம் ஹால் மேற்பார்வை. உட்காரக்கூடாது என்பது விதி.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். ஆசிரியைகளுக்குக் கோலப் போட்டி, ஆளுக்கொரு ரோஜா. விழாப் பொறுப்பு என் தலையில். குங்குமப்பூ நிறத்தில்தான் புடவை கட்டிவர வேண்டுமென்று உத்தரவு. சிறப்பு விருந்தினராக வந்த தொழிலதிபர், வீட்டையும் வெளியையும் இரண்டு கைகளில் ஏந்தும் சக்தி என்று எங்களைப் புகழ்ந்தார். அந்த நேரத்தில் நான் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கையில் இதுவரை வந்த படிவம் முந்நூற்று அறுபத்திரண்டு. ஒரு கல்லூரி கடைசி நேரத்தில் முடியாது என்றுவிட்டது. இரண்டு படிவங்கள் மட்டும் அனுப்பினார்கள். முப்பத்தெட்டு குறைகிறது.

வந்ததையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் சந்தோஷமாக இருக்கிறார்கள். வேலைப்பளு இல்லை, குடும்பம் துணை, நிர்வாகம் துணை, தூக்கம் நன்று. ‘பிற கருத்துகள்’ பெட்டியில் நான்கு பேர் மட்டும் எழுதியிருக்கிறார்கள். நான்கும் எனக்கு வாழ்த்து.

மார்ச் 15, சனி

இளமதிக்குச் சனிக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அபாகஸ் வகுப்பு. வகுப்புக்கு எதிரே ஒரு பழைய ஜவுளிக்கடை, பூட்டிக் கிடக்கிறது. அதன் படிக்கட்டில் நிழல் இருக்கும். எனக்கு வாரத்தில் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் இதுதான்.

இன்று அங்கே உட்கார்ந்து, மீதிப் படிவங்களை நானே நிரப்பத் தொடங்கினேன். எழுதிவிட்டேன், இந்த வரியை அடிக்கப்போவதில்லை. ஊரில் நடக்காததா? கொழுந்தனையும் நாத்தனாரையும் உட்காரவைத்து நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முப்பத்தெட்டுதானே.

முதல் படிவத்தில் மற்றவர்களைப் போலவே எல்லாவற்றுக்கும் ‘முழுவதும் உடன்படுகிறேன்’ போட்டேன். பார்க்கவே போலியாக இருந்தது. கிழித்துவிட்டு வேறு எடுத்தேன். கணிதத் துறை, வயது முப்பத்து நான்கு, ஒரு குழந்தை. இவளுக்குக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். அடுத்தவள் வேதியியல், நாற்பத்தொன்று, மாமனார் படுக்கையில். அவளுக்கும் மாற்றிப் போட்டேன். நிஜம் போல இருக்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்.

பதினாலு முடிந்தது. நேரம் போனதே தெரியவில்லை. இளமதி வந்து தோளைத் தட்டினாள். “அம்மா, எதுக்கு இப்படி அமுக்கி அமுக்கி எழுதறே? பேப்பர் பின்னாடி தெரியுது.”

மார்ச் 22, சனி

இன்னும் பன்னிரண்டு. பெட்டிகளிலும் எழுதினேன். காலியாக விட்டால் சந்தேகம் வரும்.

மார்ச் 29, சனி

கடைசிப் பன்னிரண்டும் முடிந்தது. மனசு லேசாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பல்கலைக்கழக வாசலில் புள்ளியியல் செய்து கொடுக்கிற கடை. எங்கள் தலைமுறை முனைவர்கள் பாதிப் பேர் அந்தக் கடையில் உருவானவர்கள். கடைக்காரர் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

“மேடம், முந்நூத்தி அறுபத்திரண்டு வரைக்கும் ஒரு கட்சி. அதுக்கப்புறம் முப்பத்தெட்டு, எதிர்க்கட்சிங்க. குடும்பம் துணை நிக்குதான்னு இருபத்தேழாவது கேள்வி இருக்குதுல்லங்க, அதுல அந்த முப்பத்தெட்டுல ஒருத்தரு கூட ஆமான்னு போடல.”

ஒருத்தியாவது போட்டிருப்பேன் என்று நினைத்தேன். திரும்பப் போய் எண்ணினேன். அவர் சொன்னது சரி.

ஏப்ரல் 5, சனி

என் கைடு அம்சவேணி மேடம் வீட்டுக்குப் படிவக் கட்டோடு போனேன். அரசுக் கல்லூரியில் பேராசிரியர், ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கிறது. யாரையும் புகழ மாட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி முப்பத்தெட்டையும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். டீ ஆறிப்போனது.

“இது எந்தக் காலேஜு?”

“அது… கோயம்புத்தூர்ப் பக்கமுங்க மேடம்.”

“முப்பத்தெட்டு பேருக்கும் டிக் ஒரே மாதிரி வால் இழுக்குது.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“நான் என் காலத்துல அறுபது எழுதினேன்மா. பெருமைக்குச் சொல்லல, பாவத்துக்குச் சொல்றேன். ஆனா எழுதறவங்க மத்ததைப் பார்த்து அதே மாதிரிதான் எழுதுவாங்க. நீ ஏன் தலைகீழா எழுதினே?”

“கொஞ்சம் மாத்திப் போட்டா நெசம் மாதிரி இருக்கும்னு…”

“நெசமாத்தான் இருக்குது. அதான் வில்லங்கம்.”

ஒரு தாளை எடுத்துப் பெட்டியில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். “‘பிப்ரவரியில் ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. வீட்டில் வயிற்றுக் கோளாறு என்று சொன்னேன். சொன்னால், படிப்பால்தான் போச்சு என்பார்கள். மறுநாள் தேர்வு மேற்பார்வைக்குப் போனேன்.’ யாரும்மா இது?”

“யாரோ ஒருத்திங்க மேடம். சும்மா கற்பனைங்க.”

மேடம் தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். “அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு இப்ப பரவால்லியா?”

“பரவால்லீங்க மேடம்.”

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து போய் வேறு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்குப்பின் வேலையைப் பேசினோம். முப்பத்தெட்டையும் நீக்கிவிட்டு முந்நூற்று அறுபத்திரண்டு என்று எழுதலாமா என்று கேட்டேன். எண்ணிக்கையை மாற்றினால் மறுபடியும் ஆய்வுக்குழுவைக் கூட்ட வேண்டும், மூன்று பேர் கையெழுத்து வேண்டும், முப்பதாம் தேதிக்குள் நடக்காது. இப்படியே விட்டால் மதிப்பிடுகிறவர் இந்த முப்பத்தெட்டைத்தான் பிடிப்பார், எந்தக் கல்லூரி, கூப்பிடு என்பார்.

“மத்தவங்க மாதிரியே மாத்தி எழுதிட்டு வந்துரு” என்றார். “ஏழு வருசம்மா. இந்த முப்பத்தெட்டுக்காக வேலையையும் விட்டுட்டு வீட்ல உக்காருவியா?”

மாட்டேன். வீட்டில் உட்கார மாட்டேன். அதைவிட எதுவும் மேல்.

ஏப்ரல் 12, சனி

அதே படிக்கட்டு. புதுப் படிவங்கள். கணிதத் துறை, வயது முப்பத்து நான்கு, ஒரு குழந்தை. முழுவதும் உடன்படுகிறேன். வேதியியல், நாற்பத்தொன்று. முழுவதும் உடன்படுகிறேன். அவளுடைய மாமனாரைக் குணப்படுத்தினேன். இயற்பியல்காரிக்கு நல்ல தூக்கம் கொடுத்தேன். பெட்டிகளைக் காலியாக விட்டேன்.

இந்த முறை பேனா தாளில் அழுந்தவே இல்லை. முப்பத்தெட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பொய் எழுத வேகமாக வருகிறது. பழைய படிவங்களைக் குறுக்கே குறுக்கே கிழித்து, பேக்கரி வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். போட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்ப முடியாமல் நின்றேன். யாரையோ விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது. அழுதேன். இளமதி கேட்டாள், கண்ணில் தூசி என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

சமர்ப்பித்தாயிற்று. ரசீது கையில். முடிவுகள் அத்தியாயத்தின் முதல் வாக்கியம்: ‘ஆய்வுக்கு உட்பட்ட பெண்களில் தொண்ணூற்றெட்டு விழுக்காட்டினர் குடும்பத்தின் முழு ஆதரவு உள்ளதாகத் தெரிவிக்கின்றனர்.’

ஜூன் 11, புதன்

வேலை உறுதி. கூடுதலாக விடுதிப் பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று வைவா. பொது வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். முன் வரிசையில் இவர், அத்தை, இளமதி. இவர் புதுச் சட்டை போட்டிருந்தார். வெளிமாநிலத்திலிருந்து வந்த தேர்வாளருக்குப் போர்த்தச் சால்வை, மதியம் எல்லோருக்கும் பிரியாணியும் தயிர்சாதமும். எல்லாம் வைவாவின் பகுதி.

காலையிலிருந்து தண்ணீரும் தட்டுமாக ஓடிக்கொண்டிருந்தது பிரமிளா என்ற பெண். ஜூலையில்தான் அம்சவேணி மேடத்திடம் ஆய்வுக்குப் பதிவு செய்தவள். இருபத்தொன்பது வயது இருக்கும். ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை, கைக்குழந்தை உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூத்தவர்களின் வைவாவுக்கு ஓடியாட வேண்டும், நானும் ஓடியிருக்கிறேன்.

நாற்பது நிமிடம் பேசினேன். தொண்ணூற்றெட்டு விழுக்காட்டைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டேன். தேர்வாளர் கேட்டது இரண்டே கேள்விகள், இரண்டும் மேற்கோள் குறிகள் பற்றி. பிறகு அவையைப் பார்த்து, யாராவது கேட்கிறீர்களா என்றார். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. கடைசி வரிசையில் பிரமிளா எழுந்தாள்.

“மேடம், ஜனவரியில உங்க படிவத்தை நானும் நிரப்பினேன். எங்க எச்.ஓ.டி. மேடம் பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தாங்க. அதனால எல்லாத்துக்கும் உடன்படுகிறேன்னு போட்டுட்டேனுங்க. அப்படிப் போட்டவங்களை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

அவள் மடக்கக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள், நாளைக்கு அவளும் இதையே செய்ய வேண்டுமே. மேடம் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார்.

எனக்குப் பதில் தெரியும். புத்தகத்தில் இருக்கிற பதில். பதிலளிப்பவர்கள் சமூகம் விரும்புகிறபடி பதிலளிக்கும் போக்கு உண்டு, இந்த ஆய்வின் வரம்புகளில் அதுவும் ஒன்று, வருங்கால ஆய்வாளர்கள் அதைக் கருத்தில் கொள்ளலாம். சொன்னேன். தேர்வாளர் “வெரி குட்” என்றார். கைதட்டினார்கள். நான் முனைவரானேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டோடு என் பக்கத்தில் வந்தாள். இவரும் அத்தையும் அங்கேயேதான் நின்றார்கள்.

“ஒண்ணு கேக்கலாங்களா மேடம்? பரீட்சைக்கு இல்லீங்க, எனக்கு. வேலைக்கும் போயிட்டு, கொழந்தையும் வெச்சுட்டு, வீட்ல எப்படிங்க சமாளிச்சீங்க?”

இவர் என்னைப் பார்த்தார். சிரித்த முகம்.

“வீட்ல ரொம்ப சப்போர்ட்டும்மா” என்றேன். “இவங்க இல்லைன்னா என்னால முடிஞ்சிருக்காது.”

“நான் ஒரு நாளும் படிக்க வேண்டாம்னு சொன்னதில்லைங்க” என்றார் இவர், அவளிடம்.

பிரமிளா தலையாட்டினாள். தட்டில் இருந்ததைக் கரண்டியால் தள்ளிக்கொண்டே, மெதுவாக, “அப்ப எனக்கு மட்டும்தான் இப்படிப் போலங்க” என்றாள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். போய்விட்டாள்.

நவம்பர் 15, சனி

வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்ட வேண்டும் என்கிறார் இவர். என் பெயருக்கு மேலே அவர் பெயர். தூங்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நவம்பர் 24, திங்கள்

பிரமிளாவின் எண்ணை மேடத்திடம் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். விடுதியில் தண்ணீர் மோட்டார் பழுது. நாளைக்கு.

டிசம்பர் 2, செவ்வாய்

பருவத் தேர்வு விடைத்தாள் திருத்தம். நாளைக்கு.

டிசம்பர் 9, செவ்வாய்

அம்சவேணி மேடம் கூப்பிட்டார். பிரமிளா பதிவை ரத்து செய்துகொண்டாளாம். காரணம் என்று கேட்கிற இடத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று எழுதியிருக்கிறாள். “நல்லா வந்திருப்பா” என்றார். எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 10, புதன்

இரண்டாவது பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. மாடியில் காலியாக இருந்த வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

“பிரமிளா, அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா.”

நான் பேசினேன். இருபத்தேழாவது கேள்விக்கு என்னுடைய பதில் என்ன என்று சொன்னேன். ஏழு வருடத்தில் இவர் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லாததையும், ஒரு நாளும் ஒரு தட்டைக்கூட எடுத்து வைக்காததையும் சொன்னேன். முப்பத்தெட்டுப் பெண்களைப் பற்றிச் சொன்னேன், அவர்களை நான் என்ன செய்தேன் என்பதையும். இந்த நோட்டில்கூட நேராக எழுதாததை அவளிடம் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

“உனக்கு மட்டும் இல்லம்மா. எல்லாருக்கும்தான். விட்டுடாத. மேடத்துக்கிட்ட நான் பேசறேன். லெட்டரைத் திரும்ப வாங்கிக்கலாம்.”

“அது போன வாரமே யுனிவர்சிட்டிக்குப் போயிருச்சுங்க மேடம். ஒருக்கா ரத்தாயிட்டா திரும்பப் பதிய முடியாதாமா. கேட்டுட்டனுங்க.”

குழந்தையை யாரிடமோ கொடுக்கிற சத்தம் கேட்டது. அவள் கோபப்படவில்லை, குரலில் மரியாதைகூடக் குறையவில்லை.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே மேடம்.”